புதைக்க வந்த புகை

மோன்ஸ் தன் கூடப்பிறந்த அண்ணனின் தாடையை உடைத்தது ஊர்க் கூடத்தில், எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும். மேசையில் காபியும் வாஃபிளும் ஆறிக்கொண்டிருந்தன. கம்பெனியிலிருந்து வந்த வென்கே என்ற அதிகாரி திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தாள். ஜெர்மனி, ஹாலந்து சிமெண்ட் ஆலைகள் விடும் கரியமில வாயுவைப் பிடித்து, குளிரவைத்துத் திரவமாக்கி, கப்பலில் பெர்கன் நகரத்துக்கு வெளியே கடலில் இருக்கும் எங்கள் தார்வோய் தீவுக்குக் கொண்டுவருவார்கள். இங்கே தொட்டிகளில் இறக்கி, குழாய் வழியாக நடுக்கடலுக்குக் கொண்டுபோய், கடலடிப் பாறைக்குள் செலுத்திப் புதைத்துவிடுவார்கள். வானத்துக்குப் போய் உலகத்தைச் சூடாக்க வேண்டிய புகை, வந்த பூமிக்கே திரும்பிவிடும். இதைத்தான் அவள் ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மோன்ஸ் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தான். மீன்பிடி மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. கையிலிருந்த பெட்டியை வாஃபிள் தட்டின்மேல் கவிழ்த்தான். ஒரு கையளவு இறால் விழுந்தது.

"நேத்து பூரா வலை இழுத்ததுக்கு வந்தது இது. போன வருஷம் உங்க கப்பல் வந்து கடலுக்குள்ள குண்டு போட்டுச்சே, அதுக்கப்புறம் இப்படித்தான்."

"அது குண்டு இல்லைங்க," என்றாள் வென்கே. "காத்தை அழுத்தி விட்டு, அடியில பாறை எப்படி இருக்குன்னு தட்டிப் பாக்கறது."

"உன் வயித்துல பொழுதன்னிக்கும் அப்படித் தட்டிப் பாக்கட்டுமா? எப்படி இருக்குன்னு சொல்லு."

கூடம் சிரித்தது. சிரிக்காமல் எழுந்து நின்றவள் தோர்குன் ஒருத்திதான். மோன்ஸின் அண்ணன் ஹால்வரின் மனைவி. பல வருஷம் எண்ணெய் மேடைகளில் வேலை பார்த்துவிட்டு, கம்பெனியின் புதிய கப்பல்துறையில் பொறுப்பாளராகச் சேர்ந்திருந்தாள். நெட்டையான பெண். யாருக்காகவும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை.

"கடல் சூடானதுல காட் மீன் வடக்க ஓடி எத்தனை வருஷமாச்சு மோன்ஸ்? அதை யார் விரட்டினா, இந்தப் பொண்ணா?"

"பேச வந்துட்டா பாரு. காலம் பூரா பூமியை உறிஞ்சிக் குடிச்சவ."

"ஆமா, எடுத்தவங்கள்ல நானும் ஒருத்தி. திருப்பி வைக்கறதையும் நானே செய்யறேன். உனக்கென்ன கோவம்?"

"ஜெர்மன்காரன் விட்ட குசுவை என் வலைக்கு அடியில கொண்டாந்து புதைக்கறியே, அதான் கோவம்."

மறுபடியும் சிரிப்பு. ஹால்வர் எழுந்து தம்பியின் தோளில் கைவைத்தான். தீவுக்கும் பெருங்கரைக்கும் இடையே வண்டிகளை ஏற்றிச் செல்லும் படகில் அவனுக்கு வேலை. எறும்பை மிதிக்காமல் நடப்பவன் என்று ஊரில் பேர்.

"உக்காருடா. அப்பா படகும் டீசல்லதான் ஓடுச்சு. உன்னோடதும் அப்படித்தான். நம்ம விட்ட புகையும் அதுல இருக்கு."

"அப்பாவை இழுக்காதே."

"உண்மையைத்தானே..."

குத்து விழுந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. காய்ந்த விறகு ஒடிகிற மாதிரி. ஹால்வர் மேசையோடு சாய்ந்தான். அவன் வாயிலிருந்து பல்லும் ரத்தமும் இறால்களின்மேல் விழுந்தன. விழுந்தவனை மோன்ஸ் இரண்டு முறை உதைத்தான். நாலு பேர் சேர்ந்து அவனைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கவேண்டியிருந்தது. பிடித்தவர்களில் நானும் ஒருவன். பிடியில் நின்றபடியே அவன் அழுதான்; ஆனால் உதைப்பதை விடவில்லை.

ஹால்வரின் தாடையைக் கம்பிபோட்டுக் கட்டினார்கள். வாரக்கணக்கில் குழல் வைத்துச் சூப்பு உறிஞ்சினான். போலீசில் புகார் கொடுக்கமாட்டேன் என்று எழுதிக் காட்டிவிட்டான். தோர்குன் எழுதிக் காட்டுகிற ரகமில்லை. மறுநாள் காலையில் கோடரியோடு மோன்ஸின் படகுக் கொட்டகைக்குப் போனாள்.

அங்கே மோன்ஸ் இல்லை. அவன் மகள் ராக்னா மட்டும் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. அம்மா சின்ன வயதிலேயே இறந்துபோனதால் பாதி நாள் தோர்குன் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளுக்கு முதல் நாள் பள்ளிக்குத் தலை வாரிவிட்டதுகூட தோர்குன்தான். இப்போது அப்பாவின் படகில் அவள்தான் என்ஜின், அவள்தான் வலை, எல்லாமே.

தோர்குன் தொங்கிய வலைகளை வெட்ட ஆரம்பித்தாள். ராக்னா கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பெரியம்மா, அந்த நீல வலையை மட்டும் விட்டுடுங்க. அது என்னோடது."

தோர்குன் நீல வலையைச் சுற்றிப்போய் அடுத்ததை வெட்டினாள். வலைகள் முடிந்ததும் மிதவைகளை உடைத்தாள். மூச்சு வாங்க நின்றபோது ராக்னா கேட்டாள்:

"காபி போடட்டுமா?"

"போடு."

கிழிந்து கிடந்த வலைக்குவியலின் மேலேயே இருவரும் உட்கார்ந்து குடித்தார்கள்.

"நீ யார் பக்கம்டி?" என்று தோர்குன் கேட்டாளாம்.

"தலை உங்க பக்கம் பெரியம்மா. வயிறு அப்பா பக்கம்." பிறகு சிரித்தாளாம். "பெரியப்பா தாடையை உடைச்சதுக்கு அப்பாவை நான் ஒரு அறை விட்டேன். காதுல இன்னும் வண்டு பறக்குதுன்னு சொல்லிட்டிருக்கார்."

அந்த வாரமே மோன்ஸ் தோர்குனின் காரைத் துறைச் சரிவில் உருட்டிக் கடலுக்குள் விட்டான். தண்ணீர் தெளிந்திருந்த நாட்களில் மேலிருந்து பார்த்தால் அதன் சிவப்புக் கூரை தெரியும். தீவு இரண்டாகப் பிரிந்தது. துறையில் வேலை கிடைத்தவர்கள் ஒரு பக்கம், வலையை நம்பியவர்கள் மறுபக்கம். கடையில் ரொட்டி வாங்கும்போதுகூட முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். குழாய் போகிற வழி நெடுக இறால் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தபோது மோன்ஸ் யாரோடும் பேசுவதை நிறுத்தினான்.

முதல் பெரிய கப்பல் பிப்ரவரியில் வந்தது. காற்று அசையாத, உறைபனி நாள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. நான் துறையில் கயிறு பிடிக்கிற ஆள். கப்பலின் கயிறுகளை வாங்கி இரும்புத் தூண்களில் மாட்டினோம். தோர்குன் தலைக்கவசத்தோடு மேல்தளத்தில் நின்று கட்டளை கொடுத்தாள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தடித்த குழாயை இணைத்தாயிற்று. திரவம் ஓடத் தொடங்கியதும் குழாயின்மேல் வெள்ளையாக உறைபனி பூத்தது.

அப்போதுதான் மீன்பிடிப் படகுகள் வளைகுடாவுக்குள் வந்தன. ஊதுகுழலை ஒரே நேரத்தில் அலறவிட்டுக்கொண்டு கப்பலைச் சுற்றின. போலீஸ் படகு பெர்கனிலிருந்து கிளம்பிவிட்டது என்று சொன்னார்கள். கப்பல் மாலுமிகள் மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினார்கள். படகுகளிலிருந்து கல்லும் அழுகிய மீனும் பறந்துவந்தன. ஒரு மாலுமியின் நெற்றி பிளந்தது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் மோன்ஸ் தன் படகைத் திருப்பி, கப்பலின் மூக்கான அணியத்துக்கும் துறைத் தூண்களுக்கும் இடையிலிருந்த குறுகலான சந்துக்குள் முழு வேகத்தில் நுழைத்தான். அவன் கையில் வலை அறுக்கும் மின்சார ரம்பம் இருந்தது.

"கயித்தை அறுக்கப் போறான்," என்று தோர்குன் கத்தினாள். "எல்லாரும் பின்னால போங்க."

விறைத்து நிற்கும் கப்பல் கயிறு அறுந்தால் என்ன செய்யும் என்று கயிறு பிடிப்பவனுக்குத் தெரியும். நான் ஓடினேன். ஓடியது போதவில்லை. வெடிச்சத்தம் கேட்டது, அறுந்த முனை சுழன்று வந்து என் இடது கையை முழங்கைக்குக் கீழே ஒடித்தெறிந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன். வலி அப்புறம்தான் வந்தது.

அணியக் கயிறு போனதும் கப்பலின் முன்பாகம் மெல்ல விலகியது. குழாய் இழுபட்டது. இப்படி இழுபட்டால் நடுவில் தானாகக் கழன்று இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும்படி ஓர் இணைப்பு உண்டு. அது கழன்றது. கப்பல் பக்கம் மூடிக்கொண்டது. கரைப் பக்க வால்வு மூடவில்லை.

அந்தச் சத்தத்தை எதற்கு ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. விமானத்தின் என்ஜினுக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது. அறுந்த குழாய் சவுக்குபோலச் சுழன்று துறையின் கம்பித் தடுப்பை வாரிக்கொண்டு போய்க் கீழே தொங்கியது. அதன் வாயிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது. பாதி பனித்தூள், பாதி புகை. அது மேலே எழவில்லை. கரியமில வாயு காற்றைவிடக் கனம். குளிர்ந்தால் இன்னும் கனம். தண்ணீர்போலக் கீழே வழிந்து, கப்பலுக்கும் தூண்களுக்கும் நடுவே இருந்த அந்தச் சந்தை நிரப்பியது. சந்துக்குள் மோன்ஸின் படகு இருந்தது.

அவன் படகின் என்ஜின் இருமி நின்றதைக் கேட்டேன். மூச்சுவிடக் காற்று இல்லாத இடத்தில் என்ஜினும் செத்துப்போகும்.

மற்ற படகுகள் கடலைப் பார்த்து ஓடின. துறையின் விளிம்புவரை வெள்ளை வந்து தளும்பியது. ஒரு வாய் உள்ளே போனது எனக்கு. புளித்த சோடா மூக்கில் ஏறினதுபோல் எரிந்தது, நெஞ்சு தானாக வேகவேகமாக அடித்துக்கொண்டது. இரண்டு பேர் என்னை மேட்டுக்கு இழுத்துப்போனார்கள். தோர்குன் நிறுத்தும் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்தினாள். வால்வு அசையவில்லை. பியார்த்தே என்ற பணியாளனைக் கையால் சக்கரத்தைச் சுற்றி மூடச்சொல்லி அனுப்பினாள். பிறகு காற்று சிலிண்டரை முதுகில் மாட்டி, முகமூடியை இறுக்கிக்கொண்டு, துறையின் இரும்பு ஏணியில் அந்த வெள்ளைக்குள் இறங்கினாள்.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு அவளே எனக்குச் சொன்னாள். நீட்டிய கை தெரியவில்லை. படகின் தளத்தில் முழங்காலளவு பனித்தூள். மோன்ஸ் தவழ்ந்துகொண்டிருந்தான். அவள் பின்னாலிருந்து பிடித்ததும் திரும்பி முகத்தில் குத்தினான். முகமூடியின் கண்ணாடி விரிசல் விட்டது. அவள் மறுபடி பிடித்தாள். அவன் அவள் கையைக் கடித்தான். கையுறையைத் தாண்டிப் பல் இறங்கியது. அவன் வாய் எதையோ கத்தியது. குழாயின் அலறலில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவன் அவளைத் தள்ளிவிட்டுப் படகின் பின்பக்கம் போகப் பார்த்தான். ஏணி இருந்தது முன்பக்கம்.

மூச்சு முட்டினவன் பயத்தில் இப்படித்தான் செய்வான் என்று அவள் பயிற்சியில் படித்திருந்தாள். காப்பாற்ற வருபவனையே அடிப்பான், தப்பிக்கிற வழிக்கு எதிர்த்திசையில் ஓடுவான். இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்து அவன் காதுக்கு மேல் ஓங்கி அடித்தாள். அவன் விழவில்லை. இன்னொரு முறை அடித்தாள். விழுந்தான்.

மேலிருந்து சின்ன கிரேனின் கொக்கியை இறக்கியிருந்தார்கள். அவன் அக்குள் வழியாக வாரைக் கட்டி மாட்டினாள். மேலே தூக்கினார்கள். அவளும் ஏணியேறி வந்துவிட்டாள். முகமூடிக்குள் ரத்தம் வழிந்தது. மோன்ஸைப் பனித்தரையில் கிடத்தி முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். அவன் தலையிலிருந்து வழிந்த ரத்தத்தில் பனி உருகியது. கண்ணைத் திறந்ததும் எழப் பார்த்தான். கால் நிற்கவில்லை. தோர்குனின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ராக்னா," என்றான். "என்ஜினைப் பாக்கக் கீழ போனா. கீழ இருக்கா."

நான் அப்போது பக்கத்தில்தான் கிடந்தேன். தோர்குனின் முகம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. காற்று தீரப்போகிறது என்று அவள் முதுகில் விசில் ஊதத் தொடங்கியிருந்தது. வேறு சிலிண்டரோடு ஒருவன் கொட்டகையிலிருந்து ஓடிவந்துகொண்டிருந்தான். அவள் காத்திருக்கவில்லை. விசில் ஊத ஊத மறுபடி இறங்கினாள்.

பியார்த்தே வால்வை மூடிவிட்டான். அலறல் நின்றது. அமைதியில் அந்த விசில் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கொக்கிக் கயிறு இரண்டு முறை இழுபட்டது. ராக்னாவை மேலே தூக்கினார்கள். தோர்குன் ஏணியின் பாதியில், முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் இழுத்துப் போட்டார்கள்.

ராக்னாவின் நெஞ்சை மாற்றி மாற்றி அழுத்தினார்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை. ஹெலிகாப்டர் வருவதற்குள் இதயம் மறுபடி அடித்தது. மூளைக்குத்தான் ரொம்ப நேரம் காற்றில்லாமல் போயிருந்தது.

அடுத்த நாள் மாலை பெர்கன் ஆஸ்பத்திரியில் கருவிகளை நிறுத்தினார்கள். டாக்டர் வெளியே வந்து சொன்னபோது மோன்ஸ் தலைக்கட்டோடு நடைவழியில் நின்றான். தோர்குனும் ஹால்வரும் எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தார்கள். என் கையில் தகடு வைத்து அதே மாடியில்தான் படுக்க வைத்திருந்தார்கள். சத்தம் கேட்டு வந்து பார்த்தேன்.

மோன்ஸ் அவசரமே இல்லாமல் நடந்துபோய் தோர்குனின் கழுத்தைப் பிடித்தான். இரண்டு கட்டைவிரலும் குரல்வளையில். அவள் கையைத் தூக்கவேயில்லை. முகம் நீலம் பாய்ந்தது.

"அவகிட்டத்தான்டி போய்க்கிட்டிருந்தேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "அவகிட்டத்தான்டி போய்க்கிட்டிருந்தேன்."

ஹால்வர் நடைவழியில் கிடந்த இரும்பு நாற்காலியை எடுத்துத் தம்பியின் முதுகில் அடித்தான். பிடி விட்டது. ஆனால் ஹால்வர் நிறுத்தவில்லை. தோளில், விலாவில், மறைத்த கையில் என்று அடித்துக்கொண்டே போனான். நாற்காலியின் கால் வளைந்தது. அந்தச் சாதுவான மனிதனின் முகத்தில் நான் அன்று பார்த்ததை மறுபடி பார்க்க விரும்பவில்லை. மோன்ஸ் செத்திருப்பான். மூச்சே வராத தோர்குன்தான் தவழ்ந்து போய்த் தம்பிக்கும் அண்ணனுக்கும் நடுவில் விழுந்தாள். ஓர் அடி அவள்மேலும் விழுந்தது. அப்புறம்தான் ஹால்வர் நாற்காலியைக் கீழே போட்டான்.

விசாரணை அதே ஊர்க் கூடத்தில் நடந்தது. அதற்கு முன்னால் வென்கே தோர்குனின் வீட்டுக்கு வந்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"கயித்தை அறுத்தது அவர். அது இல்லேன்னா எதுவுமே நடந்திருக்காது. அதை மட்டும் சொன்னாப் போதும் தோர்குன்."

"சொல்றேன்."

"வால்வு விஷயம் பொறியாளர்கள் பாத்துப்பாங்க."

"அது குளிர்ல சிக்குதுன்னு டிசம்பர்லயே சொன்னேன். கோடையில மாத்தலாம்னீங்க. அதையும் சொல்வேன்."

"திட்டமே நின்னுபோகும். உலகத்துல இதை நம்பி எத்தனை பேர் இருக்காங்க, உனக்குத் தெரியாததா?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன். மூடாத வால்வை வெச்சுக்கிட்டு உலகத்தைக் காப்பாத்த முடியாது. வாசல் அந்தப் பக்கம்."

இரண்டையும் சொன்னாள். மோன்ஸ் தெரிந்தேதான் கயிற்றை அறுத்தான் என்றும், கம்பெனி தெரிந்தேதான் வால்வை விட்டுவைத்தது என்றும். தன் கையாலேயே அவனை அடித்துச் சாய்த்ததையும் யாரும் கேட்பதற்கு முன்னால் சொன்னாள். அதோடு தீவில் அவளுக்கு ஒரு பக்கமும் இல்லாமல் போயிற்று. மீன்காரர்கள் அவள் வீட்டுக் கண்ணாடியைக் கல்லால் உடைத்தார்கள். துறை மூடப்பட்டு வேலை போனவர்கள் மிச்சமிருந்த கண்ணாடியை உடைத்தார்கள். ஒரு நாள் படகுத்துறையில் என் சொந்த மைத்துனனே அவள் முகத்தில் காறித் துப்பினான். அவள் துடைத்துக்கொண்டு, அவன் காலை வாரித் தரையில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, "இன்னொரு தடவை துப்பு பாப்போம்," என்றாள். துப்பவில்லை.

மோன்ஸைச் சிறைக்கு அனுப்பினார்கள். கம்பெனி அபராதம் கட்டியது, வால்வுகளை எல்லாம் மாற்றியது, வென்கேயை வேறெங்கோ அனுப்பியது. இலையுதிர்காலம் முடிவதற்குள் துறை மறுபடி திறந்தது. தோர்குன் வேலைக்குத் திரும்பினாள். எனக்கு அது பிடிபடவில்லை. நேராகவே கேட்டேன்.

"எப்படி உன்னால மறுபடி அங்க நிக்க முடியுது?"

"அந்த வாயு எங்கயாவது போய்த்தானே ஆகணும் யோஸ்டெய்ன்," என்றாள். "இங்க அவசரமாக் கொன்னுச்சு, அதனால பாத்தோம். மேல விட்டா மெதுவாக் கொல்லும். யாரும் பாக்கமாட்டாங்க." கையுறையை மாட்டிக்கொண்டே, "வேற யாராவது நின்னா வால்வை ஒழுங்காப் பாப்பாங்களான்னு எனக்கு நம்பிக்கையில்ல," என்றாள்.

மோன்ஸ் விடுதலையானது அடுத்த வருஷ வசந்தத்தில். படகை விற்றுவிட்டிருந்தார்கள். முடி முழுக்க நரைத்திருந்தது. கப்பல் வருகிற ஒரு நாள் காலையில் துறையின் வாசலுக்கு வந்து, கம்பி வேலிக்கு வெளியே நின்றான். காவலாளி உள்ளே தகவல் சொன்னான். தோர்குன் தனியாக வெளியே போனாள். நான் கயிற்றுக் கொட்டகையிலிருந்து இறங்கி வேலியோரம் நின்றுகொண்டேன். ஏதாவது ஆனால் ஓடலாம் என்று.

"உள்ள விடமாட்டாங்க உன்னை," என்றாள் தோர்குன்.

"உள்ள வர வரல. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"விசாரணையில அவ எங்க கிடந்தான்னு கேட்டாங்க. என்ஜின் அறையிலன்னு சொன்னே. அவங்களுக்கு அது போதும். எனக்குப் போதல. எப்படிக் கிடந்தா?"

"வேண்டாம் மோன்ஸ்."

"ஜெயில்ல படுத்துக்கிட்டு நானே ஒண்ணு நெனச்சு வெச்சிருக்கேன். என்ஜின்மேல சாஞ்சு கிடந்தா. அதை எழுப்பப் பாத்துக்கிட்டே, ஒண்ணும் தெரியாம தூங்கினாப்பல போயிட்டா. அப்படித்தானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

"இல்ல," என்றாள். "என்ஜின் அறை ஏணியில இருந்தா. ரெண்டாவது படியைக் கை பிடிச்சிருந்துச்சு. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன். முகம் மேல பாத்து இருந்துச்சு. வாய் திறந்திருந்துச்சு."

மோன்ஸ் அவள் வாயிலேயே குத்தினான். அவள் வேலியில் மோதித் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் போலக் கையைத் தொங்கவிட்டு நிற்கவில்லை இந்த முறை. திருப்பிக் குத்தினாள். அவன் மூக்கு உடைந்தது. இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. சரளைக்கல்லில் கட்டிப்புரண்டு உருண்டார்கள். அவன் அவள் தலைமுடியைப் பிடித்துத் தரையில் இடித்தான். அவள் அவன் விலாவில் முழங்காலால் ஏற்றினாள். பேச்சே இல்லை. மூச்சிரைப்பும் அடி விழுகிற சத்தமும் மட்டும்தான். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இருவருக்கும் தெம்பு தீர்ந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி கிடந்தார்கள்.

காவலாளி போனைக் கையில் எடுத்திருந்தான். பெருங்கரை ஆள், புதுசு.

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடாதே," என்றாள் தோர்குன், ரத்தத்தைத் துப்பியபடி. "சொந்தக்காரங்க."

"சொந்தக்காரங்களா இப்படி?"

"சொந்தக்காரங்கதான் இப்படி."

அவன் குழப்பத்தோடு என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். போனை உள்ளே வைத்தான்.

இருவரும் வேலிக்கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். மோன்ஸ் சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டான். பொத்தியபடியே பேசினான்.

"என்னைக் கூப்பிட்டிருப்பா."

"கூப்பிட்டிருப்பா. நீயும் போகத்தான் பாத்தே. நான்தான் விடல."

"விட்டிருந்தா நானும் அங்கயே கிடந்திருப்பேன்."

"ஆமா."

"விட்டிருக்கலாம்."

தோர்குன் கையை நீட்டி அவன் தலையில், காதுக்கு மேலே, முடி முளைக்காத தழும்பைத் தொட்டாள். அவன் தலையை இழுத்துக்கொண்டான். ஆனால் எழுந்து போகவில்லை. அவன் அழுதான். அவளும்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வளைகுடா முனையில் கப்பல் ஊதியது. தோர்குன் கம்பத்தைப் பிடித்து எழுந்தாள்.

"இன்னைக்கு எந்த ஊர்ப் புகை?" என்று மோன்ஸ் கேட்டான்.

"ரோட்டர்டாம்."

"ஒழுங்கா மூடு," என்றான்.

அவள் உள்ளே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, பிளந்த உதட்டோடு தலைக்கவசத்தை மாட்டினாள். அன்று திரவம் இறக்கி முடிகிறவரை அவள் வால்வை விட்டு நகரவில்லை. மோன்ஸ் மேட்டுப்பாதையில் ஊரைப் பார்த்து நடந்தான். அவனுக்கு வீடு இல்லை. கொட்டகைக்குப் போவான் என்று நினைத்தேன். அவன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஹால்வர் எனக்குச் சொன்னதைத்தான் சொல்கிறேன். அவன் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தால் தம்பி. மூக்கு வீங்கி, சட்டை முழுக்க ரத்தம். ஹால்வர் கதவைப் பிடித்தபடியே கேட்டானாம்.

"யாரு அடிச்சா?"

"உன் பொண்டாட்டி."

"சரி, உள்ள வா," என்றான் ஹால்வர்.